நிலவியல் உரை கேட்கப் போகிறவர்களுக்கு: கண்டது எது, அளந்தது எது, கணித்தது எது?

ஆர்வலர் சங்கங்கள் நடத்தும் நிலவியல் உரைகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் அல்லர். பேச்சாளர் திரையில் ஒரு மணற்கல்லின் படத்தைக் காட்டி, "இது ஓர் ஆற்றுச் சமவெளியில் படிந்தது. அதற்கு 37 கோடி ஆண்டு வயது. அப்போது இந்த நிலம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது" என்கிறார். அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். கேட்டுக்கொண்டிருப்பவர் மனதில் ஒரு கேள்வி நின்றுவிடுகிறது: இதெல்லாம் எப்படித் தெரியும்?

அந்த மூன்று வாக்கியங்களும் மூன்று தினுசு. ஆற்றுச் சமவெளி என்பது கல்லைப் பார்த்தே சொன்னது. 37 கோடி என்பது ஆய்வகத்தில் அளந்து, வேறு இடத்துப் பாறைகளோடு ஒப்பிட்டுச் சொன்னது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே என்பது, பாறை உருவானபோது அதில் பதிந்துபோன காந்தத் திசையை வைத்துக் கணித்தது. மூன்றுக்கும் உறுதி ஒரே அளவு இல்லை. ஆனால் பேச்சில் மூன்றும் ஒரே குரலில் வருகின்றன. கேட்பவரின் குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து. கலைச்சொற்கள் புரியாதது இரண்டாவது காரணம்தான்.

### இந்த உரைகளின் பின்னணி

நிலவியல் தொடக்கத்திலிருந்தே மேடையில் பேசி வளர்ந்த அறிவியல். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் பூமியின் மிக நீண்ட வரலாறு பற்றிய தன் கருத்தை முதலில் வெளியிட்டது 1785-இல் எடின்பரோ ராயல் சொசைட்டியின் கூட்டத்தில். லண்டனில் 1807-இல் நிலவியல் கழகம் தொடங்கியது. 1858-இல் அதே நகரில் ஆர்வலர்களுக்கென்றே தனியாக ஒரு சங்கம் உருவானது. கூட்டம், உரை, களப்பயணம் என்று இன்று உலகெங்கும் உள்ள சிறு சங்கங்கள் பின்பற்றும் நடைமுறை அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது.

நல்ல பொது உரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1868-இல் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி இங்கிலாந்தின் நார்விச் நகரத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரையை இன்றும் எடுத்துக்காட்டலாம். அவர் எடுத்துக்கொண்ட பொருள், தச்சர்கள் கோடு போட வைத்திருக்கும் வெள்ளைச் சுண்ணக்கட்டி. அதை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணுயிர்களின் ஓடுகள் தெரியும் என்று தொடங்கினார். 1857-இல் அட்லாண்டிக்கில் தந்திக் கம்பி பதிப்பதற்காக ஆழம் பார்த்தபோது அடித்தளத்திலிருந்து எடுத்த சேற்றிலும் அதே மாதிரி ஓடுகள் இருந்தன. ஆகவே தரையில் கிடக்கும் இந்த வெள்ளைப் பாறை ஒரு காலத்தில் ஆழ்கடலின் சேறு என்று முடிவுக்கு வந்தார். முதலில் கையில் உள்ள பொருள், அப்புறம் ஒப்பீடு, கடைசியில் முடிவு. இந்த வரிசை மாறினால், எவ்வளவு பெரிய அறிஞர் பேசினாலும் கேட்பவர்கள் நம்பத்தான் முடியும், புரிந்துகொள்ள முடியாது.

### முதல் படி: பாறையைப் பார்த்தே சொல்லக்கூடியவை

பாறைகள் மூவகை. உருகிய குழம்பு இறுகி உண்டானது தீப்பாறை (கிரானைட், பசால்ட்). மணல், சேறு, ஓடுகள் படிந்து இறுகியது படிவுப்பாறை (மணற்கல், சுண்ணாம்புக்கல்). ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலேயே மாறியது உருமாறிய பாறை (பளிங்கு, நைஸ்). பள்ளிக்கூடத்தில் படித்தது இவ்வளவு போதும்.

இதைவிட முக்கியம், பாறைகள் ஒன்றோடொன்று எப்படி அமர்ந்திருக்கின்றன என்பது. அதற்கான விதிகள் மிகப் பழையவை; முதல் இரண்டை நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-லேயே எழுதிவிட்டார்.

1. அடுக்குகள் கலையாமல் இருந்தால் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது.
2. படிவு அடுக்குகள் முதலில் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே படியும். சாய்ந்தோ செங்குத்தாகவோ நின்றால், பிறகு ஏதோ நடந்திருக்கிறது.
3. ஒரு பாறையை இன்னொன்று வெட்டிக்கொண்டு போனால், வெட்டியது இளையது. பிளவுக்கும் இதே விதிதான்.
4. ஒரு பாறைக்குள் வேறொரு பாறையின் துண்டு இருந்தால், துண்டு மூத்தது.

முதல் விதியில் 'கலையாமல் இருந்தால்' என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். மலைகள் மடியும்போது சில இடங்களில் அடுக்குகள் தலைகீழாகவே புரண்டுவிடும். எந்தப் பக்கம் மேல் என்று கண்டுபிடிக்கவும் பாறைக்குள்ளேயே அடையாளம் உண்டு. காய்ந்த சேற்றில் விழுந்த வெடிப்புகள் மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். கலங்கிய நீரிலிருந்து மெல்லப் படிந்த அடுக்கில் பருமணல் அடியிலும் நுண்மணல் மேலேயும் இருக்கும். வெடிப்பின் கூர்முனை வானத்தைப் பார்த்தால் அந்த அடுக்கு புரண்டிருக்கிறது என்று அர்த்தம். கை உருப்பெருக்கியும் பொறுமையும் உள்ள எவரும் இதைப் பார்த்துவிடலாம். ஆர்வலர் சங்கங்களின் களப்பயணங்களுக்கு நான் பெருமதிப்பு வைத்திருப்பது இதனால்தான்.

ஹட்டன் 1788-இல் படகில் போய்ப் பார்த்த சிக்கார் முனை இந்த விதிகளுக்கெல்லாம் சேர்த்து ஓர் உதாரணம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்த இடத்தில், கீழே சாம்பல் நிற அடுக்குகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் வெட்டுண்ட தலைகள் மேல் சிவப்பு மணற்கல் லேசான சாய்வில் படுத்திருக்கிறது. மணற்கல்லின் அடிப்பகுதியில் கீழ்ப்பாறையின் உடைந்த துண்டுகள் கிடக்கின்றன. இனி விதிகளைப் பொருத்திப் பார்க்கலாம். கீழ் அடுக்குகள் கடலடியில் கிடைமட்டமாகப் படிந்தன; இறுகின; மடிந்து நிமிர்ந்தன; தரையாக உயர்ந்தன; அரிப்பில் தேய்ந்தன; அந்தத் தேய்ந்த பரப்பின்மேல் புதிய மணல் படிந்தது; அதுவும் இறுகிச் சாய்ந்தது. இத்தனை வேலைக்கும் சில ஆயிரம் ஆண்டுகள் போதாது என்பது ஒரு கருவியும் இல்லாமலே விளங்கிவிடுகிறது. கீழ்ப்பாறைக்கு ஏறக்குறைய 43 கோடி ஆண்டு, மேற்பாறைக்கு சுமார் 37 கோடி ஆண்டு என்ற எண்கள் பின்னால் வந்தவை. இடையிலிருக்கும் 6 கோடி ஆண்டு அந்த இடத்தில் பாறையாக இல்லை. ஒரு கோடாக மட்டுமே இருக்கிறது.

### இரண்டாம் படி: எண்கள் எங்கிருந்து வருகின்றன

எண்களுக்குள் போகுமுன் அலகுகளைச் சரிசெய்துகொள்வது நல்லது. ஸ்லைடுகளில் எண்ணுக்குப் பின்னால் வரும் 'எம்.ஏ.' என்ற குறி பத்து லட்சம் ஆண்டைக் குறிக்கும், 'ஜி.ஏ.' நூறு கோடி ஆண்டைக் குறிக்கும். எனவே 66 எம்.ஏ. என்றால் 6.6 கோடி ஆண்டு, 4.54 ஜி.ஏ. என்றால் 454 கோடி ஆண்டு. மில்லியனைக் கோடி என்று தவறாக மாற்றி, டைனோசர்கள் அழிந்து 66 கோடி ஆண்டாகிறது என்று எழுதிவிடும் செய்திகள் உண்டு. பத்து மடங்குப் பிழை அது.

கேட்பவர்களில் பலர் எல்லா வயதுகளும் கார்பன் முறையில் வருபவை என்று நினைக்கிறார்கள். கார்பன்-14 என்பது தானே சிதைந்து குறையும் கதிரியக்கக் கார்பன்; அது பாதியாகக் குறைய சுமார் 5,730 ஆண்டு போதும். அதனால் ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு அப்பால் அளக்க மிச்சம் எதுவும் இருக்காது. டைனோசர் எலும்புக்கு அந்த முறை உதவவே உதவாது.

பழைய பாறைகளுக்கு அதிகம் நம்பப்படுவது சிர்கான் என்னும் கனிமம். பெரும்பாலும் மணல்துகள் அளவுதான் இருக்கும். உருகிய குழம்பிலிருந்து சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் ஏற்றுக்கொள்ளும்; ஈயத்தை ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235 பாதியாக 70.4 கோடி ஆண்டு. ஒரே துகளுக்குள் வேகம் வேறான இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் அந்த எண்ணை நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால், இடையில் சூடேறி ஈயம் கசிந்திருக்கக்கூடும். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுப்பதால்தான் இந்த முறைக்கு இத்தனை மதிப்பு.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த எண் எதனுடைய வயது? ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சில சிர்கான் துகள்களுக்கு 440 கோடி ஆண்டு வரை வயது. அவை கிடந்த பாறை படிந்தோ சுமார் 300 கோடி ஆண்டுதான் ஆகிறது. எங்கோ இருந்த பழைய பாறை தேய்ந்து, அதிலிருந்து உதிர்ந்த துகள்கள் புதிய படிவில் வந்து சேர்ந்தன. மணற்கல்லில் எடுத்த சிர்கான் வயது மணற்கல்லின் வயது ஆகாது. அந்தக் கல் அதன் மிக இளைய துகளைவிட மூத்ததாக இருக்க முடியாது என்ற மேல்வரம்பை மட்டுமே தரும். படிவுப்பாறை எப்போது படிந்தது என்று நெருங்கிச் சொல்ல வேண்டுமானால், அதன் மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் அடுக்குகள் கிடைக்க வேண்டும். அவை இரண்டையும் அளந்து, நடுவில் இருப்பது இந்த இரண்டு வயதுக்கும் இடைப்பட்டது என்பார்கள்.

எண்ணோடு வரும் கூட்டல்-கழித்தல் குறியையும் பார்க்க வேண்டும். பூமியின் வயதை விண்கற்களிலிருந்து கணித்து கிளேர் பாட்டர்சன் 1956-இல் வெளியிட்ட எண் 455 கோடி, கூட்டல்-கழித்தல் 7 கோடி. இன்று 454 கோடி என்கிறோம். பழைய எண் பொய்யாகிவிடவில்லை. முதலில் சொன்ன எல்லைக்குள்ளேயேதான் புதிய எண் விழுகிறது. எல்லையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும் பேச்சாளரிடம் அதைக் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை.

### மூன்றாம் படி: விளக்கம் எங்கே தொடங்குகிறது

அளவு சரியாக இருந்தும் முடிவு தவறலாம். இதைப் புரிந்துகொள்ள பூமியின் வயதைப் பற்றி இயற்பியலாளர் கெல்வின் பிரபு போட்ட கணக்கைவிட நல்ல பாடம் இல்லை. பூமி உருகிய நிலையிலிருந்து குளிர்ந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு, தரைக்குக் கீழே போகப் போக வெப்பம் ஏறும் வீதத்திலிருந்து அவர் 1862-இல் கணக்குப் போட்டார். வந்த விடை 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டு. கணிதத்தில் பிழை இல்லை. பூமி உள்ளே முழுக்கத் திடமானது, வெப்பம் கடத்தலால் மட்டுமே வெளியேறுகிறது, உள்ளே புதிய வெப்ப ஊற்று எதுவும் இல்லை என்ற எடுகோள்கள்தான் தவறு. ஆழத்தில் பொருள் மெல்ல நகர்ந்து வெப்பத்தைச் சுமக்கிறது என்றால் வயது பல மடங்கு கூடும் என்று ஜான் பெர்ரி 1895-இல் காட்டினார். 1904-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கதிரியக்க வெப்பத்தைப் பற்றி எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு உரையாற்றியபோது கெல்வினே கேட்பவர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்.

இன்றைய உரைகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். டைனோசர்களின் அழிவை எடுத்துக்கொள்வோம்.

1. கண்டது: 6.6 கோடி ஆண்டு எல்லையில் உலகின் பல இடங்களில் ஒரு மெல்லிய களிமண் அடுக்கு. அதற்குக் கீழே உள்ள பல உயிர்வகைகள் மேலே இல்லை.
2. அளந்தது: அந்த அடுக்கில் தரைப்பாறைகளில் அரிதான, விண்கற்களில் அதிகம் உள்ள இரிடியம் என்னும் உலோகம் வழக்கத்துக்கு மீறி இருக்கிறது. லூயி ஆல்வரெஸும் வால்டர் ஆல்வரெஸும் சகாக்களோடு இதை 1980-இல் வெளியிட்டார்கள்.
3. கணித்தது: பெரிய விண்கல் ஒன்று மோதியிருக்க வேண்டும். 1991-இல் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் புதைந்திருக்கும் சிக்சுலுப் பள்ளம் இந்த மோதலோடு இணைக்கப்பட்டபோது கணிப்பு மிக வலுவானது.
4. இன்னும் விவாதத்தில் இருப்பது: ஏறக்குறைய அதே காலத்தில் இந்தியாவில் பெருக்கெடுத்த தக்காண எரிமலைக் குழம்புகளுக்கு அழிவில் எவ்வளவு பங்கு?

நான்காவதில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதற்காக முதல் மூன்றும் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடாது. செய்தித் தலைப்புகள் இதைத்தான் குழப்பியடிக்கின்றன. "விஞ்ஞானிகளிடையே மோதல்" என்று போட்டுவிட்டு, எந்தப் படியில் மோதல் என்று சொல்வதில்லை.

நிலத்தட்டுகள் (கண்டங்களைச் சுமந்து மெல்ல நகரும் பாறைப் பெருந்துண்டுகள்) விஷயத்தில் காலம் எதிர்த்திசையில் உதவியது. கண்டங்கள் நகர்ந்தன என்று ஆல்ஃப்ரெட் வெகனர் 1912 ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓர் உரையில் சொன்னபோது கடற்கரைகளின் பொருத்தம், புதைபடிவங்கள் எல்லாம் கையில் இருந்தன. எது நகர்த்துகிறது என்பதற்குத்தான் ஏற்கத்தக்க பதில் இல்லை. இன்று செயற்கைக்கோள் அளவீட்டில் தட்டுகளின் நகர்வை நேரடியாக அளக்கிறார்கள். ஆண்டுக்கு 2.5 சென்டிமீட்டர் என்றால் ஒரு கோடி ஆண்டில் 250 கிலோமீட்டர். அன்று கணித்தது இன்று அளந்தது ஆகிவிட்டது.

### செய்திகளைப் படிக்கும்போது

- நிலநடுக்க அளவு 6-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்று அல்ல. ஓர் அலகு கூடினால் அதிர்வின் வீச்சு 10 மடங்கும், வெளியாகும் ஆற்றல் சுமார் 32 மடங்கும் கூடும். இரண்டு அலகு என்றால் ஆற்றல் ஏறக்குறைய 1,000 மடங்கு.
- 'நூறாண்டு வெள்ளம்' என்பது நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று பொருள்படாது. எந்த ஆண்டிலும் வர 1 விழுக்காடு வாய்ப்பு என்பதே பொருள். 30 ஆண்டு ஒரே வீட்டில் இருப்பவருக்கு அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு.
- நிலநடுக்கம் நாள், இடம், அளவோடு முன்கூட்டியே சொல்லக்கூடியதல்ல. இன்ன பகுதியில் இத்தனை ஆண்டுக்குள் இவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். கட்டட விதிகளுக்கு அது போதும். வீட்டைக் காலி செய்வதற்குப் போதாது.
- மனிதரின் பெயரால் ஒரு புதிய நிலவியல் காலத்தை அறிவிக்கும் முன்மொழிவு 2024 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் தோற்றது. மனிதர்கள் பூமியை மாற்றவில்லை என்று அங்கே யாரும் தீர்ப்பளிக்கவில்லை. 1950-களில் ஒரு கோட்டைப் போட்டு, 11,700 ஆண்டாக ஓடும் ஹோலோசீன் என்னும் இன்றைய நிலவியல் காலம் முடிந்தது என்று அட்டவணையில் எழுதலாமா என்பதுதான் கேள்வி.

### சங்கங்கள் செய்யக்கூடியது

உரைக்கு ஏற்பாடு செய்பவர்கள் பேச்சாளரிடம் முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: ஒரு பாறை மாதிரியாவது கையோடு கொண்டுவாருங்கள், ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் அது நிற்கும் ஆதாரத்தை ஒரு படத்திலாவது காட்டுங்கள். கேள்வி நேரத்தில் கேட்பவர்களுக்கு மூன்று கேள்விகள் கைகொடுக்கும். எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள்? அந்த வயது எதனுடையது, பிழை எல்லை எவ்வளவு? எது கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு நல்ல ஆய்வாளர்கள் ஆர்வமாகவே பதில் சொல்வார்கள்.

ஆர்வலர்களின் கண்ணுக்கு உண்மையான மதிப்பு உண்டு. இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பாறைகளில் இலை மாதிரியான ஒரு பதிவை டீனா நீகஸ் என்ற பள்ளி மாணவி 1956-இல் பார்த்தார். அவ்வளவு பழைய பாறையில் புதைபடிவம் இருக்காது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மறு ஆண்டு அங்கே மலையேறப் போன ரோஜர் மேசன் என்ற மாணவர் அதையே கண்டார். அவருடைய தந்தை வழியாக விஷயம் டிரெவர் ஃபோர்டு என்ற நிலவியலாளரிடம் போனது. அவர் நேரில் பார்த்து 1958-இல் 'சார்னியா' என்று பெயரிட்டு வெளியிட்டார். ஏறக்குறைய 56 கோடி ஆண்டுக்கு முந்தைய உயிர் அது. சிக்கலான உயிரினங்களின் வரலாறு கேம்ப்ரியன் காலத்துக்கும் (சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கியது) முன்னே போகிறது என்று உறுதியானது. 'இருக்காது' என்ற பொதுவிதி, கண்ணால் கண்டதை ஓராண்டு மறைத்து வைத்திருந்தது.

கண்டவர் யார் என்ற பதிவும் தேவை. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி அன்னிங் தோண்டியெடுத்த பிளீசியோசர் (நீண்ட கழுத்துள்ள பழங்காலக் கடல் ஊர்வன) எலும்புக்கூட்டைப் பற்றி 1824-இல் வில்லியம் கோனிபேர் லண்டன் நிலவியல் கழகத்தில் உரையாற்றினார். உரையில் அன்னிங்கின் பெயர் வரவில்லை. அந்தக் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1919-இல்தான்.

களப்பயணத்தில் எடுக்கும் மாதிரிக்கு முதலில் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்; பாதுகாக்கப்பட்ட இடங்களில் சுத்தியலை வெளியே எடுக்கவே கூடாது. எடுத்த பிறகு, அன்றே, அங்கேயே எழுத வேண்டியவை இவை: எண், இடத்தின் ஆயத்தொலைவு, எந்த அடுக்கு, அடுக்கின் அடியிலிருந்து எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் மேல் என்று காட்டும் அம்புக்குறி, தேதி, எடுத்தவர் பெயர். பாறையிலேயே பதிந்திருந்ததா, உதிர்ந்து கீழே கிடந்ததா என்பதையும் சேர்க்க வேண்டும். உதிர்ந்து கிடந்த கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. எண்ணைக் காகிதத்தில் மட்டும் எழுதினால் போதாது, கல்லின் மேலும் சிறு வெள்ளைப் பூச்சிட்டு எழுத வேண்டும். பெட்டிகள் இடம் மாறும்போது முதலில் தொலைவது காகிதம்தான்.